அணைக்கட்டு யாருக்கு? குழாய்த் தண்ணீர் யாருக்கு?



உங்கள் வீட்டுக் குளியலறையில் மூடி போட்ட நீலத் தோம்பு ஒன்று இன்னமும் இருக்கிறதா? மாசாய், பாசிர் கூடாங், கோத்தா திங்கி பக்கம் குடியிருப்பவர்கள் என்றால், அது 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வாங்கியதாக இருக்கலாம். அந்த மாதம்தான் லாயாங் அணையிலும் லெபாம் அணையிலும் நீர்மட்டம் இறங்கிப் போய், தண்ணீர்ப் பங்கீடு தொடங்கியது. தண்ணீர் வரும் நாள், வராத நாள் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தோம். வேலை முடிந்து வந்த பெண்கள் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு வரிசை பிடித்தார்கள். அடுத்த ஆண்டு மெர்சிங்கிலும் சொங்கோக் அணை வற்றி, அங்கும் பங்கீடு வந்தது.

இப்போது தண்ணீர் வருகிறது. ஆனாலும் தோம்பை யாரும் தூக்கிப் போடவில்லை. ஏன்? குழாயின் மேல் நமக்கு நம்பிக்கை இல்லை. அதுதான் உண்மை.

இன்று ஜொகூரில் தண்ணீரைத் தேக்கி வைப்பதற்குப் பெரும் பணம் செலவிடுவது பற்றிப் பேசுகிறார்கள். ஆற்றோர நீர்த்தேக்கங்கள், நீரை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் அணைக்கு மாற்றும் குழாய்கள், புதிய சுத்திகரிப்பு ஆலைகள். நல்லது. நான் அதற்கு எதிரியல்ல. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆனால் சட்டி நிறைந்த காலத்திலும் நம் அகப்பையில் ஏன் வரவில்லை என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டும். கேட்பதற்கு இதுதான் நேரம். திட்டம் தாளில் இருக்கும்போது கேட்காமல், சிமெண்டு காய்ந்த பிறகு கேட்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

யார் பணம் இது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். அணைக்கட்டு அரசியல்வாதி கொடுக்கும் தானம் அல்ல. அது உங்கள் பணம்.

நம் நாட்டில் நிலமும் ஆறும் மாநில அரசின் கையில் உள்ளன. தண்ணீர் விநியோகச் சேவை மட்டும் 2005ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து கவனிக்கும் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, 2006ல், தண்ணீர்ச் சேவைத் தொழில் சட்டம் வந்தது. ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் கண்காணிப்பாளராக அமைந்தது. நிதி அமைச்சின் கீழ், நீர்ச் சொத்து நிர்வாக நிறுவனம் என்று ஒன்று உருவானது. சுத்திகரிப்பு ஆலை, குழாய் போன்றவற்றை அந்த நிறுவனம் கடன் வாங்கிக் கட்டும். மாநிலத்தில் தண்ணீர் விநியோகிக்கும் நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து நடத்தும். அந்த வாடகை எங்கிருந்து வருகிறது? உங்கள் தண்ணீர் பில்லிலிருந்து வருகிறது. பில் கட்டாதவர்களும் வரி கட்டுகிறார்கள். கடையில் ஒரு டின் பால் வாங்கினாலும் அதில் ஏதோ ஒரு வகையில் வரி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, மாதம் 1,700 வெள்ளி சம்பளம் வாங்கும் தொழிற்சாலைத் தொழிலாளியும் இந்த நீர்த்தேக்கங்களுக்கு முதலீட்டாளர்தான். முதலீடு போட்டவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

லிங்கியூ சொல்லும் பாடம்

ஜொகூரில் தண்ணீர்த் தேக்கம் என்றால் லிங்கியூ அணையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கோத்தா திங்கி காட்டுக்குள், ஜொகூர் ஆற்றின் துணையாறான லிங்கியூவின் குறுக்கே கட்டப்பட்டது அது. அந்த நீர் அப்படியே குழாயில் நம் வீட்டுக்கு வருவதில்லை. வறட்சிக் காலத்தில் ஜொகூர் ஆற்றில் நீர் குறையும்போது, கடலிலிருந்து உப்புநீர் மேலேறி வரும். உப்புநீரைச் சுத்திகரிப்பு ஆலை தாங்காது. அப்போது லிங்கியூவிலிருந்து நன்னீரைத் திறந்துவிட்டு உப்பைக் கீழே தள்ளுகிறார்கள். லிங்கியூ நன்றாக இருந்தால்தான் கீழே உள்ள ஆலைகள் இயங்கும். 2016 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது, இரு நாட்டு அரசாங்கங்களும் கலங்கியதற்கு அதுவே காரணம்.

1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென் கொடுக்கிறது. ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஆயிரம் கேலன் 50 சென் விலையில் ஜொகூர் திரும்ப வாங்குகிறது. இதைப் பற்றி மேடைக்கு மேடை பேசியாகிவிட்டது. 3 சென்னை வைத்து எத்தனையோ தேர்தல் பிரச்சாரங்கள் நடந்துவிட்டன. நான் உங்களுக்குச் சொல்ல வருவது மேடையில் பேசப்படாத ஒரு கதை.

1990ஆம் ஆண்டில் ஜொகூர் மாநில அரசும் சிங்கப்பூரும் லிங்கியூ அணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அணை கட்டும் செலவு சிங்கப்பூருடையது. நிலத்தை நிரந்தரமாக இழப்பதற்கும், வெட்டுமர வருமானத்தை இழப்பதற்கும் இழப்பீடாக ஜொகூருக்கு 32 கோடி வெள்ளி, அதாவது 320 மில்லியன் வெள்ளி கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

அந்த நிலத்தில் யார் இருந்தார்கள்? ஜக்கூன் எனப்படும் ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்கள். அவர்களது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வேட்டையாடி, ரோத்தான் எடுத்து, பழம் பறித்து வாழ்ந்த காடு அது. அளவு 53,273 ஏக்கர். அவர்களிடம் பட்டா இல்லை. நில இலாகாவில் அவர்கள் பெயர் இல்லை. ஆகவே காடு போனது. பயிருக்கும் பழமரத்துக்கும் மட்டும் ஒரு சிறு தொகை கொடுக்கப்பட்டது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. அடோங் பின் குவாவ் என்பவரும் மற்றவர்களும், மொத்தம் 52 பேர், ஜொகூர் மாநில அரசுக்கு எதிராக உயர்நீதிமன்றம் போனார்கள். 1996ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டா இல்லாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தை அனுபவித்து வந்த உரிமை சட்டத்தின் கண்ணில் சொத்துதான். அரசியலமைப்பின் 13ஆவது விதிப்படி போதிய இழப்பீடு இல்லாமல் அதைப் பறிக்க முடியாது. மூதாதையர் நிலத்தை இழந்தது, நடமாடும் சுதந்திரத்தை இழந்தது, காட்டு விளைபொருளை இழந்தது, தங்களுடைய, தங்கள் பிள்ளைகளுடைய எதிர்கால வாழ்வை இழந்தது என்று கணக்கிட்டு 2 கோடியே 65 லட்சம் வெள்ளி வழங்கும்படி தீர்ப்பானது. 1998ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கணக்கைப் பாருங்கள். மாநிலத்துக்கு வர ஒப்பந்தமானது 32 கோடி. நிலத்தை இழந்தவர்களுக்கு, அதுவும் நீதிமன்றம் ஏறிப் போராடிய பிறகு, ஏறக்குறைய அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இருந்தாலும் அது ஒரு வெற்றி. இன்றைக்கும் இந்த நாட்டில் பூர்வகுடி நில வழக்கு எதுவானாலும் வழக்கறிஞர்கள் முதலில் புரட்டும் தீர்ப்புகளில் அது ஒன்று.

இதை ஏன் நமக்குச் சொல்கிறேன்? நாமும் அதே உரிமையைக் கோரலாம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அது பூர்வகுடிகளின் உரிமை. தோட்டத்தில் மூன்று தலைமுறை பால் மரம் வெட்டியிருந்தாலும், அந்த அடிப்படையில் நாம் நிலம் கேட்க முடியாது. ஆனால் பாடம் ஒன்று உண்டு. பெரிய தண்ணீர்த் திட்டம் வரும்போது, தாளில் பெயர் இல்லாதவனைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவனே போய்ப் பெயரைப் பதிவு செய்தால்தான் உண்டு.

தோட்டத்துக் குழாய்

நான் குளுவாங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன். எண்பதுகளில் எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வந்தது தோட்டத்துக் குளத்திலிருந்து. மோட்டார் போட்டு மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் திறப்பார்கள். காலையில் திறக்கும் நேரமும் பிரட்டு நேரமும் ஒன்று. அம்மா பால் வெட்டப் போயிருப்பார். ஆகவே வாளி பிடிப்பது என் வேலை, என் அக்காள் வேலை. மழைக் காலத்தில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். சீனக்காரம் போட்டுத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குடிப்போம். நிர்வாகியின் பங்களாவில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் மட்டும் பகல் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றைப் பின்னால் சட்டக் கல்லூரியில் படித்தேன். தோட்டத் தொழிலாளிக்கு நல்ல வீடும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று 1966ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. 1990ல் அதற்குப் பதிலாக இன்னும் விரிவான சட்டம், 446ஆவது சட்டம், வந்தது. குடியிருக்கும் தொழிலாளிக்குப் பொதுக் குழாயிலிருந்து போதிய தண்ணீரை முதலாளி இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பொதுக் குழாயிலிருந்து எடுக்க இயலாத இடத்தில் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் வேறு ஏற்பாட்டை அனுமதிக்கலாம். சட்டத்தில் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நடந்தது என்ன? கிராமப்புறத் தண்ணீர்த் திட்டங்கள் என்று அரசு கோடிக்கணக்கில் செலவிட்டபோது, குழாய் தோட்டத்து வாசல் வரை வந்து நின்றது. "தோட்டம் தனியார் நிலம், பொதுப் பணத்தை உள்ளே கொண்டுபோக முடியாது" என்பது பதில். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால், "அரசு குழாய் போடட்டும், நாங்கள் இணைத்துக்கொள்கிறோம்" என்பது பதில். வாசலுக்கும் லயத்துக்கும் நடுவே உள்ள அந்த இரண்டு, மூன்று கிலோமீட்டர் யாருடைய பொறுப்பு என்று தெரியாமலே பல தலைமுறைகள் கடந்துவிட்டன. நம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் சொறியும் வந்தது அந்த இரண்டு கிலோமீட்டரால்தான்.

பிறகு தோட்டங்களே விற்கப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. 2006ல் தென் ஜொகூர் மேம்பாட்டு வட்டாரம் அறிவிக்கப்பட்ட பிறகு வேகம் இன்னும் கூடியது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். தோட்டம் கைமாறியது. முப்பது சொச்சம் குடும்பங்கள் வேலை நிறுத்தப்பட்டு, இழப்பீட்டுப் பேச்சு முடியாமல் லயத்திலேயே இருந்தார்கள். ஒரு நாள் மோட்டார் ஓடவில்லை. கேட்டபோது பழுது என்றார்கள். ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. பழுது பார்க்க யாரும் வரவில்லை. வெளியேற்றும் உத்தரவு வாங்க நீதிமன்றம் போனால் மாதக்கணக்காகும். தண்ணீரை நிறுத்தினால் வாரக்கணக்கில் வேலை முடிந்துவிடும். நிர்வாகத்தின் மனக்கணக்கு அதுதான்.

அப்போது நான் சந்தித்த சிக்கலைக் கேளுங்கள். 446ஆவது சட்டம் தொழிலாளிக்குத்தான் பாதுகாப்பு. வேலை முடிந்துவிட்டால் அந்தக் குடையும் மடங்கிவிடுகிறது என்று எதிர்த்தரப்பு வாதாடும். சரி, குடும்பங்களே சொந்தமாக மீட்டர் வாங்கலாம் என்று பார்த்தால், நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர்களை வெளியேற்றத் துடிக்கும் நிறுவனம் சம்மதம் கொடுக்குமா? கடிதங்கள் எழுதினோம். தொழிலாளர் இலாகாவுக்கு நடந்தோம். பத்திரிகையாளர்களைக் கூட்டி வந்தோம். வாரத்துக்கு இரு முறை தண்ணீர் லாரி வந்தது. அவ்வளவுதான். கடைசியில் அந்தக் குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே ஐந்தாவது மாடியில் நெருக்குநீர் போதாமல் இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் குழாய் ஓடுகிறது என்று அதில் ஒரு பாட்டி பின்னர் என்னிடம் சொன்னார். "லயத்துல வாளி, இங்கயும் வாளி. மாடிப்படிதான் தம்பி புதுசு" என்றார்.

அந்தப் பாட்டியின் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் அணை இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையும் இருக்கிறது. இல்லாதது, அவர் வீட்டுக்கு வந்து சேரும் கடைசிக் குழாயும் அதற்கான பம்பும்தான்.

இப்போது வரிசையில் நிற்பவர்கள் யார்?

கூலாயிலும் செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் சில ஆண்டுகளாக எழும்பும் பெரிய வெள்ளைக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். தரவு மையங்கள். நாம் கைப்பேசியில் பார்ப்பது, அனுப்புவது எல்லாம் இத்தகைய மையங்களில்தான் சேமிக்கப்படுகின்றன. உள்ளே ஓடும் கணினிகள் கொதிக்காமல் இருக்கக் குளிரூட்ட வேண்டும். அதில் பல மையங்கள் தண்ணீரால் குளிரூட்டுகின்றன.

இது பெரிய பிரச்சினை என்று நான் மட்டும் சொல்லவில்லை. 2025ல் ஜொகூரில் தரவு மையங்களுக்கென்று தனியான, கூடுதல் தண்ணீர்க் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இறுதியில், மிக அதிகமாக நீர் செலவழிக்கும் வகை மையங்களுக்கு இனி அனுமதி தருவதில்லை என்று மாநில அரசே அறிவித்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குளிரூட்டப் பயன்படுத்துங்கள் என்றும் அந்த நிறுவனங்களிடம் சொல்கிறார்கள். இவை சரியான நடவடிக்கைகள். வரவேற்கிறேன்.

ஆனால் கேள்வி தீரவில்லை. புதிய நீர்த்தேக்கம் கட்டி நூறு வாளி தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை வாளி வீடுகளுக்கு, எத்தனை வாளி தொழிற்சாலைக்கு, எத்தனை வாளி தரவு மையத்துக்கு? வறட்சி வந்தால் முதலில் யார் குழாயை மூடுவார்கள்? பாசிர் கூடாங் அடுக்குமாடியையா, குளிரூட்டும் கோபுரத்தையா? இந்தப் பங்கீடு எழுத்தில் எங்கே இருக்கிறது? நமக்குக் காட்டட்டும்.

அணை மட்டும் போதுமா?

இன்னொரு விஷயம். தண்ணீர் முதலீடு என்றாலே பெரிய அணை என்று நினைக்கப் பழகிவிட்டோம். அடிக்கல் நாட்டுவதற்கும் நாடா வெட்டுவதற்கும் அணை வசதியானது. பழைய குழாய் மாற்றுவதற்கு யார் மாலை போடப் போகிறார்கள்?

சுத்திகரித்த தண்ணீரில் நாட்டளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராமல் போகிறது. பெரும்பாலும் உடைந்த குழாயில் ஒழுகிப் போகிறது. ஜொகூரில் நிலைமை கொஞ்சம் மேல். இருந்தாலும் ஏறக்குறைய கால் பங்கு. நான்கு வாளி இறைத்து ஒரு வாளியை மண்ணில் ஊற்றுகிறோம். புது அணைக்கு ஒரு வெள்ளி ஒதுக்கினால், பழைய குழாய்க்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று கேளுங்கள்.

அதேபோல் அணை நிறைந்திருந்தும் குடிக்க முடியாத நிலை வரலாம். 2019ல் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் அதுதான் நடந்தது. வானம் பொய்க்கவில்லை. குப்பைமேட்டுக் கசிவால் ஆற்றில் அம்மோனியா ஏறி, சுத்திகரிப்பு ஆலைகளைத் திரும்பத் திரும்ப மூட வேண்டியதாயிற்று. மீண்டும் தண்ணீர் லாரி, மீண்டும் வாளி. ஆற்றைக் காப்பதும் தண்ணீர்ச் சேமிப்புதான். மலைக்காட்டை வெட்டாமல் விடுவதும் சேமிப்புதான்.

வெள்ளத்தையும் மறந்துவிட வேண்டாம். செம்புரோங், பெக்கோக், மாச்சாப் அணைகள் மேற்கு ஜொகூரை வெள்ளத்திலிருந்து காக்கவே கட்டப்பட்டன. இப்போது அவை குடிநீருக்கும் பயன்படுகின்றன. இதில் ஒரு முரண் உண்டு. வெள்ளத்தைத் தடுக்க அணை காலியாக இருக்க வேண்டும். குடிநீருக்கு அது நிறைந்திருக்க வேண்டும். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சிலும் பத்து பஹாட், குளுவாங், சிகாமட் பக்கம் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது. அந்த நிவாரண மையங்களில் நம்மவர்களும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். எப்போது தண்ணீரைத் திறப்பது, எப்போது தேக்குவது, கீழே உள்ள மக்களுக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்வது என்பதெல்லாம் அணைத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

சென்னையைப் பாருங்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிவிட்டன. ஏரி இருந்தது, நீர் இல்லை. அதே ஊரில்தான் 2003ல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள். முறையாகப் பராமரித்த வீடுகளில் கிணறு கைகொடுத்தது. பராமரிக்காத இடங்களில் வெறும் குழாய் மட்டும் மிஞ்சியது. நமது ஜொகூரில் பெய்யும் மழைக்கு நம் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஒரு மழைநீர்த் தொட்டி போடுவது அவ்வளவு கடினமா?

"இது இந்தியர் பிரச்சினையா?"

சிலர் கேட்பார்கள்: "தண்ணீர் எல்லா இனத்துக்கும் பொதுதானே, இதில் ஏன் இனத்தைக் கொண்டு வருகிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஜக்கூன் மக்களின் கதையை நான் முதலில் சொன்னதும் அதனால்தான். மாசாயில் வாளி தூக்கியது நாம் மட்டுமல்ல. மலாய்க்காரரும் சீனரும் தூக்கினார்கள். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகளும் தூக்கினார்கள்.

ஆனால் கம்போங் என்றால் அதற்கு ஓர் அமைச்சு உண்டு. நில மேம்பாட்டுக் குடியேற்றம் என்றால் ஃபெல்டா உண்டு. புதுக்கிராமம் என்றால் அதற்கும் ஒதுக்கீடு உண்டு. தோட்டம் மட்டும் நீண்ட காலம் "தனியார் நிலம்" என்ற ஒரே வார்த்தையில் கழித்துவிடப்பட்டது. தோட்டத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த விடுபட்ட பட்டியலில் பெரும்பாலோர் நம்மவர்கள் என்பதால்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

சட்டமும் நமக்கு முழுவதும் அந்நியமல்ல. அரசியலமைப்பின் 5ஆவது விதி உயிர்வாழும் உரிமையைத் தருகிறது. உயிர் என்றால் வெறும் மூச்சல்ல, வாழ்க்கையின் தரமும் அதில் அடங்கும் என்று 1996ல் தான் தெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை தீர்மானித்தது. இவற்றை வைத்து நாளையே வழக்கில் வெல்லலாம் என்று சொல்ல மாட்டேன். நீதிமன்றக் கதவு கனமானது. ஆனால் கோரிக்கை மனு எழுதும்போது நாம் கேட்பது உரிமை, பிச்சையல்ல என்று நிமிர்ந்து எழுத இவை போதும்.

நாம் கேட்க வேண்டியவை

1. ஜொகூரில் இன்னமும் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் இல்லாத தோட்டங்கள், லயங்கள், புறம்போக்குக் குடியிருப்புகளின் முழுப் பட்டியலை மாநில அரசு வெளியிட வேண்டும்.

2. எந்தப் புதிய நீர்த்தேக்கத் திட்டத்திலும் அந்தப் பட்டியலில் உள்ள வீடுகளுக்குக் கடைசிக் குழாய் போடும் செலவும், அடுக்குமாடிகளுக்குப் பம்பும் தொட்டியும் வைக்கும் செலவும் சேர்க்கப்பட வேண்டும்.

3. நிலத் தகராறு முடியும்வரை, குடியிருப்பவர்களின் தண்ணீரை நிறுத்துவது குற்றமாக்கப்பட வேண்டும். நில உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் தற்காலிக மீட்டர் கொடுக்க வழி செய்ய வேண்டும்.

4. வறட்சியில் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசை எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். வீடு, மருத்துவமனை, பள்ளிதான் முதலில்.

5. அணைக்கு நிலம் எடுத்தால், பட்டா உள்ளவரோடு நிற்காமல் அங்கு வாழ்பவர் அனைவரையும் முன்கூட்டியே கணக்கெடுத்து, பேசி, இழப்பீடு கொடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

அரசைக் கேட்பது ஒரு பக்கம். நம் பக்கமும் வேலை இருக்கிறது. நான் வழக்கு நடத்தும்போது மிகவும் தவிப்பது ஆதாரம் இல்லாமல்தான். "ரொம்ப நாளா தண்ணி இல்லீங்க சார்" என்று சொன்னால் நீதிபதி எழுத மாட்டார். "எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்பார்.

ஆகவே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தண்ணீர் நின்ற தேதி, நேரம், திரும்பி வந்த நேரம் எழுதுங்கள். கலங்கலாக வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். பில்லையும் பிள்ளைகளை கிளினிக்குக்குக் கொண்டுபோன சீட்டையும் அதே நோட்டில் ஒட்டுங்கள். முதலில் தண்ணீர் நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். பதில் இல்லை என்றால் ஸ்பானுக்கு எழுதுங்கள். தோட்டத்தில் வேலையில் இருப்பவர்கள் 446ஆவது சட்டத்தைச் சொல்லித் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள். தனியாக எழுதாமல் லயம் முழுக்க, மாடி முழுக்கக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒரு நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மலாய் எழுதத் தெரிந்த பிள்ளை இல்லாத வீடு இன்று இல்லை. அவர்களை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

ஜக்கூன் மக்கள் 52 பேர். அவர்களிடம் பட்டா இல்லை, பணம் இல்லை, எதிரில் நின்றது மாநில அரசு. இருந்தும் கூடி நின்று தங்கள் பெயரை நீதிமன்றப் பதிவில் ஏற்றினார்கள். நாம் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம் பேர். நம் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

அடுத்த நீர்த்தேக்கம் வரட்டும். கட்டட்டும். கட்டும்போது அதன் திட்ட வரைபடத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கும் அந்தப் பாட்டியின் குழாயும் ஒரு கோடாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டை நாமாகப் போய்க் கேட்காமல் யாரும் போடப் போவதில்லை.

நோட்டுப் புத்தகத்தை இன்றே தொடங்குங்கள்.